ஒன்றரைப் பேர்

ரிங்லெட்டில் இருபத்தாறு வருஷமாய்
தேயிலையைக் குனிந்தே பார்த்திருக்கிறேன்.
இடுப்புக்கு மேல் அது வளரும் என்று
யாரும் சொன்னதில்லை.
வளர விட்டால்தானே?
முதலில் கத்தி, பிறகு கத்தரி,
இப்போது இரண்டு பேர் தூக்கும் மெஷின்.

பா சிடேக்தான் காட்டினார்,
பெத்தாய் விற்க வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.
எட்டாம் நம்பர் மலைக்குப் பின்னால்
கம்பெனி கைவிட்டு, கணக்கிலிருந்தும் விழுந்துவிட்ட
ஒரு சரிவு.
பாசி பிடித்த தண்டு, என் தொடைத் தடிமன்.
தலைக்கு மேலே, ரொம்ப மேலே
வெள்ளைப் பூ.
"என்ன மரம் பா இது?"
"தே லா, காக்" என்று சிரித்தார்.
"நீதானே தினமும் வெட்டுகிறாய்,
முகம் தெரியாதா?"

தேயிலை பறிக்க ஏணி.
சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.
"தோரணம் கட்டவா?" என்றார்
கோயில் ஏணிக்குச் சாவி வைத்திருக்கும் அமிர்தலிங்கம்.
தலையாட்டினேன்.

மேலே காற்று வேறு.
கிளை என்னைத் தாங்குமா என்று
மரமும் நானும் சேர்ந்தே யோசித்தோம்.
கொழுந்து சின்னது, முரடு,
ஓரத்தில் ஊதா.
ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு வரை
ஒன்றரைக் கிலோ.
அட்டை கடித்தது கணக்கில் இல்லை.

அடுக்குமாடியில் மூன்றாவது மாடி.
மெத்தை விரிப்பில் பரப்பி
விசிறியை ஒன்றில் வைத்தேன்.
அவர் அன்றைக்கு நாற்காலியில் தூங்கினார்.

முதல் தடவை பேசினில் போட்டு உருட்டியதில்
சவர்க்காரத்தைக் குடித்தது போல் இருந்தது.
இரண்டாம் தடவை ஓவர்டைம் கூப்பிட்டார்கள்;
திரும்பி வந்தால் வீடெல்லாம் புளித்த நாற்றம்,
எதிர்வீட்டு ரெங்கம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.
மூன்றாம் தடவை
சப்பாத்திப் பலகையில், உள்ளங்கையால்,
இலை முறுகி முறுகி
சாறு வளையல் வரை இறங்கும் மட்டும்.
ஈரத்துணி மூடி
பக்கத்தில் உட்கார்ந்து மூக்கால் காவல்.
பத்து மணிக்கு அறுத்த புல்.
பன்னிரண்டுக்கு வெள்ளரிக்காய்.
அப்புறம் எப்போதென்று தெரியாது,
எங்கேயோ ஒரு கொய்யா பழுத்தது.
எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.
குவாலி, சின்னத் தீ,
விரல் பொறுக்கும் சூடு.
பச்சை செம்பானது, செம்பு கறுத்தது,
ஒன்றரைக் கிலோ
முந்நூறு கிராமாக வந்து நின்றபோது
ஃபேக்டரிச் சங்கு ஊதியது.

ஆ கியோங் கடையில் வெந்நீர் கேட்டு ஊற்றினேன்.
பழக்கத்தில் அவன் கை சூசு டின்னுக்குப் போனது.
தட்டிவிட்டேன்.
முதல் வாயில் ஒன்றுமே இல்லை,
விழுங்கிய பிறகு
தொண்டைக்குள் யாரோ கதவு திறந்த மாதிரி
ஒரு தித்திப்பு, நனைந்த பட்டை வாசனையோடு.
ஆ கியோங் கிளாஸைக் கவிழ்த்து
அடியைப் பார்த்தான்.
"இன்னும் இருக்கா?"

பக்கத்து மேசையில் பிரகலாதன்,
ஈப்போவில் சாப்பாட்டுக் கடை,
முட்டைக்கோஸ் ஏற்ற வந்தவர்.
அவருக்கும் அரைக் கிளாஸ்.
குடித்துவிட்டு லோரிக்காரனைக் காத்திருக்கச் சொன்னார்.
"அம்மா, முழுசும் எனக்கு.
பேர் என்ன?"

பேர் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.
செக்ரோலில் அம்மாவுக்கு விழுவது.
மழை வந்தால் அரைப்பேர்.
நான் பிறந்த அன்றைக்கும்
அரைப்பேர் வாங்கிவிட்டுத்தான் படுத்தாளாம்.
விரல் மடக்கினேன்.
மரம் ஏறியது அரை.
ராத்திரி முழுக்க விழித்தது ஒன்று.
நாற்காலியில் அவர் தூங்கியதைச் சேர்க்கலாமா?
வேண்டாம்.

"ஒன்றரைப் பேர்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்து
மைலோ டின்னின் மூடியில்
அப்படியே எழுதிக்கொண்டார்,
எழுத்துக்கூட்டி, அழகாக.
"நல்ல பேர்" என்றார்.
"சரி, எத்தனை வெள்ளி?"

சொல்லத்தான் வாயெடுத்தேன்.
டின்னைப் பார்த்துவிட்டு
நூறு என்றேன்.

ஏணியை இன்னும் திருப்பவில்லை.
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்,
நிஜமாகவே தோரணம் கட்ட.